விளக்கும் எண்ணெயும்: விழித்திருக்கப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வழியில் ஏதாவது ஒரு பாறையிலோ மதிலிலோ அந்த மூன்று வார்த்தைகள் கண்ணில் படாமல் போகாது: இயேசு சீக்கிரம் வருகிறார். பார்த்துப் பார்த்துப் பழகி, சிமெண்ட் விளம்பரத்தைத் தாண்டுவதுபோல நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். போன டிசம்பரில் அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "மாமா, சீக்கிரம் வாராருன்னு போட்டிருக்கு. சரி. அதுக்கு நான் இப்பம் என்ன செய்யணும்?" என்று கேட்டான். நாற்பது வருஷமாகக் கோயிலுக்குப் போய் வருகிறவன் நான். வள்ளியூர் வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

அவனுக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் நியாயந்தீர்க்க அவர் மறுபடியும் வருவார் என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், ஆர்த்தடாக்ஸ், பெந்தெகொஸ்தே என்று யாருக்கும் அந்த வருகையில் சந்தேகம் இல்லை. எப்படி, எந்த வரிசையில், எத்தனை கட்டமாக என்பதில்தான் சண்டை. புதிதாகத் தொடங்குகிறவர் அந்தச் சண்டைக்குள் முதல் நாளே போக வேண்டாம்.

முதல் படி: அந்தச் சொல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்

நற்செய்தி நூல்களில் விழித்திருங்கள் என்று வரும் இடங்களில் பெரும்பாலும் கிரேக்க மூலத்தில் இருப்பது 'கிரேகோரேயோ' என்ற வினைச்சொல். உறங்காமல் காவல் இருப்பது என்று பொருள். கிரகோரி என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் கிரகோரி என்று பெயர் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் குறட்டை விடும் அண்ணாச்சிகளை எனக்குத் தெரியும். அது வேறு கதை.

இந்தச் சொல்லோடு கூடவே இன்னொரு சொல்லும் வரும். 1 தெசலோனிக்கேயர் 5ஆம் அதிகாரத்திலும் 1 பேதுரு 5ஆம் அதிகாரத்திலும் இரண்டும் ஜோடியாக நிற்கின்றன. அந்த இரண்டாவது சொல்லுக்கு நேர்ப்பொருள் மது போதை இல்லாமல் இருப்பது. நம் பழைய மொழிபெயர்ப்பு அதைத் 'தெளிந்த புத்தி' என்று அழகாகப் பிடித்திருக்கிறது. ஆக, கண் திறந்திருந்தால் மட்டும் போதாது, புத்தியும் தெளிந்திருக்க வேண்டும். இரவு முழுக்க யூடியூபில் கடைசிக்கால வீடியோ பார்த்துவிட்டுக் காலையில் கண் சிவந்து உட்கார்ந்திருப்பவர் விழித்திருந்தாரா என்று கேட்டால், முதல் சொல்லின்படி ஆம், இரண்டாவதின்படி இல்லை.

புத்தியை மழுங்கடிப்பது எது என்று லூக்கா 21ஆம் அதிகாரம் ஒரு பட்டியலே தருகிறது. பெருந்தீனி, குடிவெறி, அவற்றோடு மூன்றாவதாக வாழ்க்கைக் கவலை. முதல் இரண்டையும் பற்றிப் பிரசங்கம் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றிக் கேட்டது குறைவு. ஆனால் வீட்டுக்கடன் தவணை, மகளின் கல்யாணம், பக்கத்து நிலத்து வரப்புத் தகராறு என்று ஒருவரை மந்தமாக்கிப் போடுவது அதுதான்.

இரண்டாம் படி: வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்காதீர்கள்

கடைசிக்காலம் என்றதும் எல்லோரும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தைத்தான் திறக்கிறார்கள். ஏழு தலை மிருகமும் 666உம் வந்ததும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். நீச்சல் பழக வந்தவனைக் கன்னியாகுமரிக் கடலில் தள்ளிவிட்டதுபோல ஆகிவிடும். மாற்கு 13இல் தொடங்குங்கள். மொத்தம் 37 வசனம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

காட்சி இதுதான். இயேசு ஒலிவ மலையில் எருசலேம் தேவாலயத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேதுரு, யாக்கோபு, யோவான், அந்திரேயா நால்வரும் தனியாக வந்து கேட்கிறார்கள்: இதெல்லாம் எப்போது நடக்கும்? அந்தத் தேவாலயத்தை ரோமப் படை கி.பி. 70இல் இடித்துத் தள்ளியது. அதனால் இந்த அதிகாரத்தில் எது எருசலேமின் அழிவைப் பற்றியது, எது உலகத்தின் முடிவைப் பற்றியது என்று பிரித்தெடுப்பது அறிஞர்களுக்கே தலைவலி. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். 32ஆம் வசனத்தில் நின்றால் போதும். அந்த நாளும் நாழிகையும் தேவதூதருக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்ற கருத்து அங்கே இருக்கிறது. இந்த ஒரு வசனத்தை மனதில் ஆணியடித்துக்கொண்டால் அடுத்த படி பாதி முடிந்தது.

அதிகாரத்தின் முடிவில் ஒரு சின்ன உவமை. வீட்டுக்காரர் வெளியூர் போகிறார். ஒவ்வொரு வேலைக்காரனுக்கும் அவனவன் வேலையைக் கொடுத்துவிட்டு, வாசல் காவலனை மட்டும் விழித்திருக்கச் சொல்கிறார். எப்போது திரும்புவார் என்பதற்கு நான்கு சாத்தியம் சொல்லப்படுகிறது: சாயங்காலம், நடு இரவு, சேவல் கூவும் நேரம், காலை. ரோமர்கள் இரவை இந்த நான்கு ஜாமங்களாகத்தான் பிரித்துக் காவல் மாற்றினார்கள். நமக்கும் நான்கு ஜாமம் புதிதல்ல. சிவராத்திரிக்குக் கண்விழிக்கிறவரைக் கேட்டால் கணக்குச் சொல்வார்.

இப்போது புத்தகத்தை மூடாமல் அடுத்த பக்கத்தையும் வாசியுங்கள். பாடுகளின் கதை அங்கே தொடங்குகிறது. சாயங்காலத்தில் இராப்போஜனம், காட்டிக்கொடுக்கப் போகிறவன் அதே பந்தியில். பிறகு நடு ராத்திரியில் கெத்செமனே தோட்டம். விழித்திருங்கள் என்று இயேசு அங்கேயும் அதே சொல்லால் கேட்கிறார், மூன்று முறை வந்து பார்க்கும்போதும் சீஷர்கள் தூங்குகிறார்கள். சேவல் கூவும் நேரத்தில் பேதுரு மறுதலிக்கிறான். விடிந்ததும் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுக்கிறார்கள். நான்கு ஜாமமும் ஒரே இரவில் வந்துபோய்விட்டன. ஒலிவ மலையில் கேள்வி கேட்ட நால்வரில் மூவர் அந்தத் தோட்டத்தில் இருந்தவர்கள். வானத்தில் அடையாளம் கேட்டவர்கள், கல்லெறி தூரத்தில் ஒரு நண்பர் வியர்த்து அழுதுகொண்டிருந்ததைக் கவனிக்காமல் தூங்கிப்போனார்கள். வேதப் பண்டிதர்கள் பலரும் சுட்டிக்காட்டியிருக்கும் இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் கவனித்தபோது, எனக்கு அதுவரை கடைசிக்காலம் பற்றிக் கேட்டிருந்த பிரசங்கங்கள் எல்லாம் கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்தன.

அதற்குப் பிறகு மத்தேயு 24, 25. லூக்கா 12இல் 35 முதல் 48 வரை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்கள். 2 பேதுரு 3. ஒரு வாரத்துக்கு இது போதும். வெளிப்படுத்தின விசேஷத்தை விட்டே ஆகவேண்டும் என்றில்லை. அதில் ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்கள் உள்ள 2, 3ஆம் அதிகாரங்களை முதலில் வாசியுங்கள். மிருகங்கள் காத்திருக்கும்.

மூன்றாம் படி: நாள் குறித்துக் கொடுப்பவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் குடும்பங்கள் கெட்டுப்போனது இங்கேதான்.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹிப்போலித்து என்பவர் தானியேல் புத்தகத்துக்கு ஒரு விளக்கவுரை எழுதினார். அதில் தம் காலத்துச் சபைத் தலைவர்கள் இருவரைப் பற்றி வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். சிரியாவில் ஒருவர், கிறிஸ்துவை எதிர்கொள்ளப் போகிறோம் என்று பெண்டு பிள்ளைகளோடு விசுவாசிகளை வனாந்தரத்துக்கு அழைத்துப் போனார். அவர்கள் வழி தெரியாமல் அலைந்து, கொள்ளைக்கூட்டம் என்று ஆளுநர் படையிடம் மாட்டி வெட்டுப்பட இருந்தார்கள். ஆளுநரின் மனைவி விசுவாசியாக இருந்ததால் தப்பினார்கள். பொந்து நாட்டிலிருந்த இன்னொருவர் கனவு கண்டு, ஓராண்டுக்குள் நியாயத்தீர்ப்பு என்றார். மக்கள் வயலைத் தரிசாகப் போட்டார்கள், உடைமைகளை விற்றார்கள். ஆண்டு முடிந்ததும் விற்றவர்கள் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். ஏறக்குறைய 1800 வருஷத்துக் கதை. ஊர்ப் பெயரை மாற்றினால் நேற்றைய செய்தித்தாளில் போடலாம்.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் 8:14இல் வரும் 2300 நாட்களை 2300 வருடங்கள் என்று கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி 1843இல் வந்து நின்றார். கணக்கில் மோசடி ஒன்றும் இல்லை. மில்லர் நேர்மையானவர், இரவு பகலாக வேதம் படித்தவர். 1843 போய், 1844 மார்ச்சும் போனபின், அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 என்று திருத்திக்கொண்டார்கள். பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். சிலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். மறுநாள் வழக்கம்போல விடிந்தது. வரலாற்றில் அதற்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர். அந்தச் சிதறலிலிருந்து எழுந்த கூட்டங்களில் ஒன்றுதான் 1863இல் செவந்த் டே அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தது. அவர்கள் அதன்பின் நாள் குறிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நமக்குப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கிறிஸ்தவராகி, யுஸ்துஸ் யோசேப்பு என்று பெயர் பெற்ற ஒரு பண்டிதர் திருவிதாங்கூரில் இருந்தார். வித்வான்குட்டி என்று மலையாளிகள் அழைப்பார்கள். 1870களில் அங்கே எழுந்த பெரிய எழுப்புதலின் நடுவில், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். வரவில்லை. அவரோடு நின்றவர்கள் யூயோமயம் என்று தனிச் சபையாகப் பிரிந்துபோனார்கள். அவர் எழுதிய மலையாளப் பாடல்களைக் கேரளச் சபைகள் இன்றும் மனமுருகப் பாடுகின்றன. மனிதரின் பக்தியில் குறை இல்லை. கணக்கு அவரைக் கவிழ்த்துவிட்டது.

இதே பக்தியைச் சொல்ல முடியாத ஆளும் உண்டு. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28 என்று நாள் குறித்தார். அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்னால் மோசடிக்காகக் கைதானார். அவரிடம் இருந்த கடன் பத்திரங்கள் முதிர்வடைய வேண்டிய மாதம் 1993 மே என்பது அப்போது தெரிய வந்தது. கலிஃபோர்னியாவின் ஹெரால்டு கேம்ப்பிங் வானொலியிலும் சாலையோர விளம்பரப் பலகைகளிலும் 2011 மே 21 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில், நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். தொண்ணூறு வயதில் அப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அவரை நம்பிச் சேமிப்பைக் கரைத்தவர்களுக்கு அந்தக் கடிதத்தால் எதுவும் திரும்பி வரவில்லை.

ஆகவே தேதி சொல்கிறவரா என்று முதலில் பாருங்கள். "தேதி சொல்ல மாட்டேன், ஆனால் இந்தத் தலைமுறைக்குள்" என்று சுற்றி வளைக்கிறவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். வேலையை விடு, படிப்பை விடு, மாத்திரையை விடு என்று சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நிலத்தை விற்றுக் காணிக்கையாகக் கொடு என்று சொன்னால் செருப்பைக்கூடத் தேட வேண்டாம்.

நான்காம் படி: எண்ணெய் எங்கே கிடைக்கும்?

மத்தேயு 25இல் வரும் பத்துக் கன்னிகைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் அவர்கள் மணமகளின் தோழியர். மணமகன் வரத் தாமதமானதும் எத்தனை பேர் தூங்கினார்கள் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். "ஐந்து பேர்" என்பார்கள். தவறு. பத்துப் பேரும் தூங்கினார்கள். புத்தியுள்ள ஐவரும் நன்றாகத்தான் தூங்கினார்கள், அதற்காக அவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. விழித்திருங்கள் என்று முடியும் கதையிலேயே எல்லோரும் தூங்குகிறார்கள் என்பதை முதன்முதலில் கவனித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நிம்மதி வந்தது. உடம்புக்குத் தூக்கம் வேண்டும் என்று கதை சொன்னவருக்குத் தெரியும்.

வித்தியாசம் பாத்திரத்தில் இருந்த எண்ணெயில்தான். அந்த எண்ணெய் என்ன? அகுஸ்தீனார் அது அன்பு என்றார். லூத்தர் விசுவாசம் என்றார். நான்காம் நூற்றாண்டில் அந்தியோகியாவில் பிரசங்கித்த கிறிசோஸ்தோம் சுற்றி வளைக்காமல், அது ஏழைகளுக்குக் கொடுக்கும் கை என்றார். எண்ணெய் விற்கிறவர்கள் யார் என்று கேட்டால், ஏழைகள்தான் என்பது அவர் பதில். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறவரிடம்தான் அதை வாங்க முடியும். கடை சாத்துவதற்குள் வாங்க வேண்டும்.

நான் கிறிசோஸ்தோம் பக்கம். காரணம், அந்த அதிகாரம் கன்னிகைகளோடு முடியவில்லை. தாலந்துகளின் கதையைத் தாண்டி, செம்மறியாடு வெள்ளாடு பிரிக்கும் காட்சியில் போய் நிற்கிறது. அங்கே கேட்கப்படும் கேள்விகளில் கடைசிக்கால வரைபடம் பற்றி ஒன்றும் இல்லை. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், உடுப்பு, நோயாளி, சிறையில் இருப்பவன், வழியில் வந்த அந்நியன். அவ்வளவுதான் வினாத்தாள். தேர்வுக்கு முன்பே கையில் கொடுத்துவிட்டார்கள்.

செய்முறை எளிது. இந்த ஆறில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அரசு மருத்துவமனை வார்டில் துணைக்கு ஆள் இல்லாத ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு வாரம் ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோகலாம். பெரிதாகத் திட்டம் போட்டால் இரண்டாவது மாதமே நின்றுவிடும். எங்கள் ஆச்சி மண்ணெண்ணெய் விளக்குக்குத் தினமும் சாயங்காலம், தீர்ந்திருக்கிறதோ இல்லையோ, கொஞ்சம் ஊற்றி வைப்பாள். "இருட்டுனப்பொறவு போத்தலத் தேடுனா கையிதான் தட்டும்" என்பாள்.

ஐந்தாம் படி: ஒரு நாளில் மூன்று இடம்

துறவிகளின் மரபில் விழிப்பு என்பது முதலில் மனத்தின் வாசல் காவல். சீனாய் மலையைச் சேர்ந்த எசிக்கியார் என்ற துறவி இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1782இல் வெனிஸ் நகரில் அச்சான பிலோகாலியா என்ற கிரேக்கத் தொகுப்பில் அது இருக்கிறது. சாரம் இதுதான்: கெட்ட நினைப்பு வருவது பாவமில்லை, அது வாசலில் வந்து நிற்கும்போது யார் என்று கேளாமல் உள்ளே விடுவதுதான் தொல்லை. கூடவே இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்து மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கப் பழக்கினார்கள்.

இதை ஒரு சாதாரண நாளுக்குள் எப்படிக் கொண்டுவருவது? காலையில் கைபேசியைத் தொடும் முன் ஒரு நிமிடம். இன்று யாரைச் சந்திக்கப் போகிறேன், எந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும் என்று முன்கூட்டியே நினைத்துப்பார்த்து, அந்த இடத்தை ஜெபத்தில் வைத்துவிடுங்கள். வாசல் காவலனுக்கு யார் வரப்போகிறார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

மதியம் அரை நிமிடம் போதும். சாப்பாட்டுக்கு முன் தலை குனிகிறோமே, அதையே கொஞ்சம் நீட்டுங்கள்.

இரவுதான் முக்கியம். இஞ்ஞாசியார் ஏற்படுத்திய ஆன்மச் சோதனை முறையை இயேசு சபையார் இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். அதை வீட்டுக்குச் சுருக்கினால் இப்படி வரும்: முதலில் இன்று கிடைத்ததற்கு நன்றி, அடுத்து, காலையிலிருந்து நாளை ஒருமுறை ஓட்டிப்பார்ப்பது, எங்கே தூங்கிப்போனேன் என்று பார்ப்பது, அதாவது எந்த முகத்தைக் கவனிக்காமல் விட்டேன், எந்த வார்த்தை வாய்தவறியது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரே ஒரு காரியத்தைத் தீர்மானிப்பது. ஏழு நிமிடத்துக்கு மேல் போனால் அது சோதனையிலிருந்து சுயபுலம்பலாக மாறிவிடுகிறது. என் அனுபவம். வீட்டில் யாரோடாவது மனக்கசப்பு இருந்தால், சூரியன் அஸ்தமித்துப் பல மணி நேரம் ஆகியிருந்தாலும், அதை முடித்துவிட்டுப் படுங்கள். பழைய ரோமை முறையில் இரவு மன்றாட்டின் தொடக்கத்திலேயே பேதுருவின் அந்த எச்சரிக்கையைத்தான் வாசித்தார்கள், தெளிந்த புத்தியும் விழிப்பும் என்று. தூங்கப் போகிறவனிடம் விழித்திரு என்று சொல்லி அனுப்புகிற குறும்பு எனக்குப் பிடிக்கும்.

முழு இரவு ஜெபம், உபவாசக் கூட்டம் எல்லாம் பிறகு வரட்டும். எடுத்த எடுப்பில் அங்கே தொடங்குகிறவர்கள் தை மாதம் பிறப்பதற்குள் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: கையில் இருக்கும் வேலையைக் கீழே வைக்காதீர்கள்

1780 மே 19. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. கோழிகள் கூண்டடைந்தன. நடுப்பகலில் வீடுகளில் விளக்கேற்றினார்கள். எங்கோ எரிந்த பெருங்காட்டுத்தீயின் புகை மேகத்தோடு கலந்து வந்து சூரியனை மூடியிருந்தது என்று பின்னாளில் காரணம் சொன்னார்கள். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்? நியாயத்தீர்ப்பு நாள் என்று மக்கள் தேவாலயங்களுக்கு ஓடினார்கள்.

கனெக்டிகட் மாகாணத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரில் சட்டமன்றம் கூடியிருந்தது. கீழவை கலைந்துபோனது. மேலவையையும் ஒத்திவைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது, ஆபிரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் எழுந்தார். இது நியாயத்தீர்ப்பு நாள் இல்லையென்றால் கலைய வேண்டிய காரணம் இல்லை, அந்த நாளேதான் என்றால் என் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போதே அவர் என்னைக் காணட்டும் என்ற பொருளில் பேசிவிட்டு, மெழுகுவர்த்தி கொண்டுவரச் சொன்னார். நான் இத்தனை பத்தி எழுதிச் சொல்ல முயல்வதை அந்த மனிதர் ஒரு மெழுகுவர்த்தியில் முடித்துவிட்டார்.

நாளைக்கு உலகம் முடியும் என்றாலும் இன்று ஆப்பிள் கன்று நடுவேன் என்று லூத்தர் சொன்னதாக ஒரு வாசகம் வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி வருகிறது. லூத்தர் எழுதிய எதிலும் அது இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்கு முன் அதன் தடயமே கிடைக்கவில்லை. டேவன்போர்ட் கதை இருக்கும்போது நமக்கு அது தேவையும் இல்லை.

தெசலோனிக்கே சபைக்கு இது நன்றாகவே புரிய வேண்டியிருந்தது. கர்த்தரின் நாள் வந்துவிட்டது என்ற பேச்சு அங்கே உலவியது. சிலர் வேலை செய்யாமல், ஊர்வம்பு பேசிக்கொண்டு, பிறர் சோற்றில் கை வைத்துத் திரிந்தார்கள். பவுல் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவில்லை. உழைக்க மனமில்லாதவனுக்குச் சாப்பாடு கிடையாது என்று சட்டமாகவே போட்டுவிட்டார். கூடாரத் தொழில் செய்து தன் கையால் சம்பாதித்தவர் என்பதால் அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது.

இந்தப் படியில் ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கே நீங்கள் இல்லாமல் போனால் வீட்டில் எந்தெந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? கைமாற்று வாங்கிய பணம், அடகு நகைச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். இதற்கும் ஆத்துமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். எழுதிப் பாருங்கள். யாருக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி என்ற பத்தி வந்ததும் பேனா நிற்கும். அங்கே தெரியும்.

ஏழாம் படி: திருச்சபை ஆண்டோடு நடங்கள்

தனியாக விழித்திருப்பது கடினம். அதனால்தான் சபை அதற்கென்றே காலம் ஒதுக்கியிருக்கிறது. கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்காம் ஞாயிறில் தொடங்குவது ஆகமன காலம், கத்தோலிக்கர் சொல்லும் திருவருகைக் காலம். ஸ்டார் கட்டவும் கேக் ஆர்டர் கொடுக்கவும்தான் இந்தக் காலம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் முதல் ஞாயிறு வாசகத்தைக் கவனித்துப் பாருங்கள். மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 என்று மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் வருகைதான் வரும். பெத்லகேம் பிறகுதான்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையும் அப்படித்தான். மொராவியச் சபையார் 1733இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்த வழக்கத்தை ஜான் வெஸ்லி மெதடிஸ்டுகளிடையே வேரூன்றச் செய்தார். 1862 டிசம்பர் 31 இரவு அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயங்களில் கூடி விழித்திருந்தது, விடிந்தால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வரும் என்பதற்காக. எங்கள் ஊரில் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்ததும் வாக்குத்தத்த வசன அட்டைக்கு ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். அடுத்த வருஷம் வரிசையில் கடைசியாக நின்று பாருங்கள். அதுவும் ஒரு பயிற்சி.

எட்டாம் படி: பயம் வந்தால்

சின்ன வயதில் பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. அடுப்பில் உலை கொதிக்கிறது, கதவு திறந்திருக்கிறது. இரகசிய வருகை நடந்து, எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டு, நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். விசுவாசக் குடும்பத்தில் வளர்ந்த பலரிடம் இப்படி ஒரு கதை இருக்கும். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் அந்த மத்தியானம் இன்னும் மறந்திருக்காது.

சபையார் முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு மகா உபத்திரவம், பிறகு பகிரங்க வருகை என்று கட்டங்களாகப் பிரிக்கும் போதனை, 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் உருவம் பெற்றது. 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக உலகமெங்கும் பரவியது. நம் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள் பலவும் இதையே நம்புகின்றன. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் மரபுகள் வருகையை ஒன்றாகவே பார்க்கின்றன. உங்கள் சபை எதைக் கற்பித்தாலும் சரி, பிள்ளைகளைப் பயமுறுத்த அதைப் பயன்படுத்தாதீர்கள். தலைகளை நிமிர்த்துங்கள் என்றுதான் லூக்கா 21 சொல்கிறது. முதல் சபையார் அரமாய் மொழியில் 'மாரநாதா' என்று ஜெபித்தார்கள். எங்கள் ஆண்டவரே வாரும் என்று அர்த்தம். திண்ணையில் அழும் பிள்ளையின் குரல் அதில் இல்லை. ஊருக்குப் போன அப்பாவின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருக்கும் பிள்ளையின் குரல் இருக்கிறது.

பயம் தூக்கத்தைக் கெடுத்து, சாப்பாட்டைக் கெடுத்து, வாரக்கணக்கில் நீடித்தால் போதகரிடம் மட்டும் போகாமல் மருத்துவரிடமும் போங்கள். அதில் அவிசுவாசம் ஒன்றும் இல்லை. லூக்காவே மருத்துவர்தான்.

இன்று இரவு

இதையெல்லாம் அக்கா மகனுக்கு ஒரே மூச்சில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் காதில் இயர்போனை மாட்டியிருப்பான். வீட்டுக்குப் போனதும் லூக்கா 12இல் 35இலிருந்து 40 வரை ஆறே வசனம் வாசிக்கச் சொன்னேன். கல்யாண வீட்டுக்குப் போன எஜமான் திரும்பி வரக் காத்திருக்கும் ஊழியக்காரர்களின் கதை. அரையில் துணியை வரிந்து கட்டி, விளக்கு எரிய வைத்துக் காத்திருக்க வேண்டும். 37ஆம் வசனத்தை மட்டும் இரண்டு தடவை வாசி என்றேன்.

பத்து நிமிடம் கழித்துக் கைபேசியோடு சமையலறைக்கு வந்தான். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது என்ன தலகீழா இருக்கு? வந்த எஜமான்லா துணிய வரிஞ்சு கட்டிக்கிட்டு, வேலக்காரங்கள உக்கார வச்சுப் பந்தி பரிமாறுதாரு?"

"ஆமாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அக்கா கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டு, "நீ போயி உக்காரும்மா" என்றான். முதல் தோசை கருகிப்போனது.